தீர்த்தம் பட்ட வைசர்

எங்கள் தளத்துப் பாதிரியார் ஃபாதர் அன்செல்மோ தங்கமான மனுஷர். கைதான் கொஞ்சம் தாராளம். விமானிகளுக்குக் காவலான லொரேத்தோ மாதா திருநாளன்று பூசை முடிந்து தீர்த்தச் சட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாரென்றால் ஹெலிகாப்டர், அதன் வால், எண்ணெய் லாரி, சமையல்கட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் என்று எதையும் விடமாட்டார். அதில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வருஷம் பூராவும் மழையில் நனைகிற ஹெலிகாப்டருக்கு இன்னும் நாலு சொட்டு பட்டால் என்ன? எனக்குப் பிடிக்காதது அடுத்து நடப்பதுதான். நீள மேஜையில் வெள்ளைத் துணி விரித்து, விமானிகளின் ஹெல்மெட்டுகளை வரிசையாக வைத்து, அவற்றின் மேலும் வாரி இறைப்பார். அதுவும் உப்புப் போட்டு மந்திரித்த தண்ணீர். உப்பு சேராத தீர்த்தம் அவருக்குத் தீர்த்தமே இல்லை.

அந்த ஹெல்மெட்டுகள் என் பொறுப்பு. பிலிப்பைன்ஸில், சமார் தீவின் கிழக்குக் கரையில், கடலைப் பார்த்தபடி இருக்கும் சின்ன மீட்பு ஹெலிகாப்டர் தளம் எங்களுடையது. நான் சார்ஜென்ட் ஃபிலோமினா. வயதில் சின்னவர்கள், அதிகாரிகளாகவே இருந்தாலும், ஆத்தே மேனா என்று கூப்பிடுவார்கள். எங்கள் ஊரில் ஆத்தே என்றால் அக்கா. அக்கா என்கிற மரியாதைக்குப் பதிலாக அந்த ஹெல்மெட்டைக் கொஞ்சம் மரியாதையாக வைத்துக்கொண்டால் போதும் என்று பலமுறை சொல்லியாயிற்று. கேட்டால்தானே.

ஹெல்மெட்டில் முகத்துக்கு முன்னால் இறங்குகிற வளைந்த தகடுதான் வைசர். பார்க்கக் கண்ணாடி மாதிரி இருக்கும், ஆனால் பிளாஸ்டிக். கல்லடி பட்டாலும் உடையாது, சட்டை நுனியால் துடைத்தால் கீறிப் போகும். அப்படி ஒரு விசித்திரமான பிறவி. இங்கே ஒவ்வொருத்தர் பையிலும் ஆல்கஹால் பாட்டில் ஒன்று இருக்கும். கையில் அடிப்பார்கள், நாற்காலியில் அடிப்பார்கள், அதே கையோடு வைசரிலும் அடிப்பார்கள். கிருமி செத்துவிடும், கூடவே வைசரின் மேல்பூச்சும் உரிந்து பனி படர்ந்தது போல ஆகிவிடும். ஒரு புத்திசாலி, வைசர் வழுக்கிக்கொண்டு ஓடட்டும் என்று அது ஏறி இறங்குகிற காடியில் தேங்காய் எண்ணெய் விட்டான். அந்த எண்ணெயில் ஒட்டிய மணலை எடுக்க எனக்கு அரை நாள் ஆயிற்று. அவன் பெயரை இங்கே சொல்லவில்லை, இப்போது பெரிய பதவியில் இருக்கிறான்.

அதனால் திருநாள் முடிந்ததும் நான் விருந்துக்குப் போகமாட்டேன். மற்றவர்கள் பன்றி வறுவலைச் சுற்றி நிற்கிற நேரத்தில், ஹெல்மெட்டுகளை என் பட்டறைக்கு எடுத்து வந்து ஒவ்வொன்றாகக் கழுவிவிடுவேன். வருஷா வருஷம் நடப்பதுதான். நான் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

போன வருஷத் திருநாளுக்கு மறுநாள்தான் கேப்டன் ரொவேனா லக்சினாவின் ஹெலிகாப்டரில் பறவை மோதியது. தாழ்வாகக் கடலோரம் வந்துகொண்டிருந்தபோது பெரிய கொக்கு ஒன்று முன் கண்ணாடியை உடைத்துக்கொண்டு நேராக அவள் முகத்துக்கு வந்தது. வைசர் இறங்கியிருந்தது. தாடையிலும் கழுத்திலும் தையல், கண்ணில் ஒரு கீறல்கூட இல்லை. அவள்தான் ஹெலிகாப்டரைக் கொண்டுவந்து இறக்கினாள். பின்னால் உட்கார்ந்திருந்த டோடோங், ஆட்களைக் கயிற்றில் தூக்குகிறவன், இறங்கியதும் தரையில் மண்டியிட்டு அழுதான். எல்லோரும் மாதாவின் அருள் என்றார்கள். முந்தின நாள்தானே தீர்த்தம் பட்டது என்றார்கள். நானும் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியவள்தான். ஆனாலும் ஒருத்தராவது வந்து, மேனா, அந்த வைசர் நல்லா வேலை செய்தது என்று சொல்வார்களா என்று காத்திருந்தேன். ஒருத்தரும் வரவில்லை. கோபம் வந்தது. கோபத்தைப் பட்டறைக் குழாயிடம் காட்டிவிட்டு வேலையைப் பார்த்தேன்.

காயம் ஆறி ரொவேனா திரும்பி வந்தபோது அவளை இடது இருக்கையில், துணை விமானியாகத்தான் போட்டார்கள். பொறுப்பு ஏற்கும் வலது இருக்கை அவளுக்குத் திரும்பக் கிடைப்பதற்குள் அடுத்த திருநாளே வந்துவிட்டது. இந்த வருஷத் திருநாளுக்கு மறுநாள் காலையில், தளபதியையே பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் வலது இருக்கையில் பறந்து காட்ட வேண்டும். சரியாகச் செய்தால் பழைய இடம். சொதப்பினால் மேஜை வேலை என்று தளபதி வெளிப்படையாகவே சொல்லிவிட்டார்.

திருநாளன்று ரொவேனா பாதிரியாரிடம் தனியாக ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, அவளுடைய ஹெல்மெட்டுக்கு மட்டும் அகப்பையிலேயே மொண்டு ஊற்றினார். வெயில் சுள்ளென்று அடித்தது. ஹெலிகாப்டர் ஒன்று வந்து இறங்கியதில் கடற்கரை மணல் எழும்பி மேஜை முழுவதும் படிந்தது. பூசைக்குப் பிறகு பாட்டு, பாட்டுக்குப் பிறகு பிரசங்கம். எனக்கு நிலைகொள்ளவில்லை.

ஒருவழியாக ஹெல்மெட்டுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தால், பின்னாலேயே ரொவேனா. விருந்துக்குப் போகவில்லையா மேடம் என்றேன். பசியில்லை என்றாள். கூடையிலிருந்து தன்னுடையதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தாள்.

"ஆத்தே, என்னோடதை மட்டும் துடைக்காதீங்க."

நான் வெந்நீரை வாளியில் விளாவிக்கொண்டிருந்தேன். காதில் விழாத மாதிரி இருந்துவிடலாமா என்று பார்த்தேன். மறுபடியும் அதையே சொன்னாள். நாளைக்குப் பறந்து முடிக்கிற வரைக்கும் அதன் மேல் யார் கையும் படக்கூடாதாம்.

நான் அவள் மடியிலிருந்து ஹெல்மெட்டை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தேன். வைசர் முழுக்கத் திட்டுத் திட்டாக வெள்ளை வட்டங்கள். தண்ணீர் காய்ந்து உப்பு மட்டும் நிற்கிறது. காலை வெயில் எதிரே அடித்தால் ஒவ்வொரு வட்டமும் பளிச்சென்று கண்ணைக் குத்தும். வைசரை ஏற்றி இறக்குகிற குமிழைப் பிடித்து மெல்லக் கீழே இழுத்தேன். சரியாக இருக்கிற வைசர் சத்தமே போடாது. இது நறநறவென்றது. காடிக்குள் உப்பும் மணலும் சேர்ந்து உட்கார்ந்திருந்தது. அவளிடம் காட்டினேன், சத்தத்தைக் கேட்கச் சொன்னேன். இந்த நிலையில் இந்த ஹெல்மெட்டுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்ட வேண்டியது என் கடமை, கட்டினால் நாளைக்கு இதைப் போட்டுக்கொண்டு நீங்கள் ஏற முடியாது என்றும் சொன்னேன்.

சிவப்புச் சீட்டு என்றதும் அவள் முகம் வெளுத்துவிட்டது. அதைக் கட்டினால் காரணம் தளபதிக்குப் போகும். பயந்துபோய் வைசரைத் துடைக்கவிடாத விமானி என்று தளம் முழுக்கப் பேசும். அதற்கப்புறம் வலது இருக்கையை அவள் கனவில்தான் பார்க்க வேண்டும்.

நான் கல்நெஞ்சக்காரி இல்லை. எங்கள் கோவிலில் பீடத்துணி துவைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. புனிதப் பொருள் பட்ட துணியை அலசுகிற முதல் தண்ணீரைச் சாக்கடையில் விடக்கூடாது, மண்ணில்தான் ஊற்ற வேண்டும் என்பது முறை. அது எனக்குத் தெரியும். ஒரு சொட்டுகூட வீணாகாமல் அலசி மண்ணில் ஊற்றுகிறேன், மாதாவுக்கு ஒரு அவமரியாதையும் வராது என்று அவளுக்கு நயமாக எடுத்துச் சொன்னேன். நயமாகப் பேசுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் தலையை ஆட்டவேயில்லை. ஹெல்மெட்டை என் கையிலிருந்து வாங்கித் தலையில் மாட்டிக்கொண்டு, ஒரு தரம் வைசரை இறக்கி ஏற்றிக் காட்டினாள். மெதுவாக, சாவகாசமாக இழுத்தால் அது நறநறத்தபடியே போய் வந்தது. "பாருங்க, ஓடுதே" என்றாள்.

பிறகு கையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்களுக்குப் புரியல, ஆத்தே. அன்னைக்கு வைசரை நான் இறக்கல."

அப்புறம் யார் இறக்கினது என்றேன்.

"அதைத்தான் சொல்றேன். மேல தூக்கி வச்சிருந்தேன், மழைத் தூறல்ல சரியாத் தெரியலன்னு. பறவை வர்றதைப் பார்த்தேன். என் ரெண்டு கையும் ஹெலிகாப்டரைப் பிடிச்சிட்டு இருந்துச்சு. எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. கண்ணை மூடித் திறந்தா வைசர் கீழ இருக்கு, ரத்தமும் இறகும் அப்பி இருக்கு. அதை யார் இறக்கினாங்க? நீங்களே சொல்லுங்க."

அவள் குரல் இறங்கிவிட்டது. அந்த நாளிலிருந்து இருக்கையில் உட்கார்ந்தாலே கை நடுங்குகிறதாம். இடது இருக்கையில் அதை மறைக்க முடிந்தது, வலது இருக்கையில் மறைக்க முடியாது. "என்னால அன்னைக்கு என்னைக் காப்பாத்திக்க முடியல. வேற யாரோதான் காப்பாத்தினாங்க. அந்தத் தண்ணி மேல இருந்தா ஏறுவேன். இல்லன்னா என்னால முடியாது" என்றாள்.

எனக்கு அவள் மேல் அப்படி ஒரு பாசம் பொங்கியது, கூடவே அப்படி ஒரு ஆத்திரமும். உன் வைசரில் அன்றைக்கு ஒரு பொட்டுத் தீர்த்தம்கூட இல்லையடி பெண்ணே, முந்தின நாளே நான் கழுவித் துடைத்து உறைக்குள் போட்டுவிட்டேன் என்று நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் பிடித்து நிற்கிற ஒரே கம்பையும் பிடுங்கின மாதிரி ஆகிவிடும். சொல்லாமல் விட்டால் இந்த உப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு கடல் மேல் போவாள். நான் என்ன செய்வது? கையில் ஈரத்துணி இருந்தது. முறுக்கிப் பிழிந்து வைத்திருந்த பருத்தித் துணி, நல்ல கனம்.

அதை ஓங்கி அவள் முகத்துக்கே எறிந்தேன்.

ஒரு சார்ஜென்ட் கேப்டன் முகத்தில் துணியை எறிந்தால் என்ன தண்டனை என்று விதிப் புத்தகத்தில் இருக்கும். அதை யோசிக்கிறவள் எறியமாட்டாள். துணி கையை விட்டுப் போனதுதான் தெரியும், அவள் இடது கை மேலே போய்விட்டது. குமிழைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தது. வைசர் பாதி வரை வந்து, நறுக்கென்று நின்றது. விளிம்பு சரியாக அவள் கண்ணுக்கு நேரே. கீழே இருந்த திறப்பில் ஈரத்துணி சப்பென்று போய் அறைந்து கன்னத்திலும் கண்ணிலும் ஒட்டிக்கொண்டது.

வெளியே விருந்தில் யாரோ ஒலிபெருக்கியில் சுருதி விலகிப் பாடிக்கொண்டிருந்தார்கள். ரொவேனா வலது கையால் துணியை எடுத்து மடியில் போட்டாள். கண் சிவந்து தண்ணீர் வழிந்தது. அப்போதுதான் தன் இடது கை இன்னும் தலைக்கு மேலேயே, குமிழைப் பிடித்தபடி இருப்பதைக் கவனித்தாள். அதை மெல்லக் கீழே கொண்டுவந்து, வேறு யாருடைய கையோ மாதிரிப் பார்த்தாள்.

"இது எப்ப மேல போச்சு?"

"துணி வந்தப்ப" என்றேன். "அன்னைக்கும் அப்படித்தான் போயிருக்கும். தண்ணிக்கு மேல தாழ்ந்து நிக்கறப்பல்லாம் டோடோங் பின்னாலேர்ந்து வைசர், வைசர்னு கத்துவான் இல்ல? எத்தனை வருஷமா இறக்கிட்டிருக்கீங்க. அதுக்கு உங்களக் கேக்கவே வேண்டாம், மேடம். அதுவாப் போயிடும்."

அவள் வைசரை இன்னும் கீழே இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மேலே தள்ளினாள், போகவில்லை. பாதியில் நின்றபடியே ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். நீட்டியவள் விடவில்லை, ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"போன வருஷமும் கழுவினீங்களா?"

பொய் சொல்ல எனக்கு வாய் வராது என்றில்லை. தேவைப்பட்டால் சரளமாகவே வரும். அந்த முகத்தைப் பார்த்துச் சொல்ல வரவில்லை. "கழுவினேன்" என்றேன். "அன்னைக்கே கழுவினேன். எல்லாத்தையும்."

அவள் கை ஹெல்மெட்டை விட்டது. முக்காலியில் குனிந்து உட்கார்ந்து, ஈரத்துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். பயந்து அழுகிற அழுகை இல்லை, அலுத்துப்போய் அழுகிற அழுகை. ஒரு வருஷமாகத் தூக்கிச் சுமந்ததை இறக்கிவைக்கிற மாதிரி. நான் திருகாணிகளைக் கழற்றி வைசரைத் தனியாக எடுத்தேன். அழுகிறவர்களைத் தேற்றுவதில் நான் கெட்டிக்காரி இல்லை, வேலை பார்ப்பதில் கெட்டிக்காரி.

"அப்ப ஒரு வருஷமா நான் மாதாவுக்குச் சொன்ன நன்றியெல்லாம்?" என்றாள் துணிக்குள்ளிருந்து.

"அதை மாதாகிட்டயே கேளுங்க, மேடம். எனக்கு இங்க வெந்நீர் ஆறுது."

துணிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா, மூக்குறிஞ்சலா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். அவளையே கழுவச் சொன்னேன். வைசரை வெதுவெதுப்பான தண்ணீரில் சும்மா மிதக்கவிட்டு உப்புக் கரைகிற வரை காத்திருக்க வேண்டும். முதலிலேயே தேய்த்தால் உப்பே கீறிவிடும். பிறகு பாத்திரம் கழுவுகிற சோப்பில் ஒரு சொட்டு, விரல் நுனியால் தடவல், திரும்ப நல்ல தண்ணீர். துடைக்கக் கூடாது, மெத்தென்ற துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். அவள் தேய்க்கப் போன இடத்திலெல்லாம் நான் கத்தினேன். கத்தின உடனே விரலை எடுத்துக்கொண்டாள். காடியைப் பஞ்சு போன்ற பல் துலக்கியால் நானே சுத்தம் செய்தேன். அதை யாரிடமும் விடமாட்டேன்.

உப்புக் கரைந்த தண்ணீரை அவளே ஏந்திக்கொண்டு போய்ப் பட்டறைக்குப் பின்னால் இருக்கிற பப்பாளி மரத்தடியில் ஊற்றினாள். ஊற்றிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். நானும் போட்டுக்கொண்டேன்.

திரும்ப மாட்டியதும் வைசர் வழுக்கிக்கொண்டு இறங்கியது. சத்தமே இல்லை. அவள் ஏற்றி இறக்கி, ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தேய்ந்துவிடும் மேடம், போய்ச் சாப்பிடுங்கள் என்று விரட்டினேன். வாசல் வரை போனவள், துணியை எறிந்ததற்கு உங்கள் மேல் புகார் கொடுக்கலாமா என்று யோசிக்கிறேன் என்றாள். பன்றித் தோல் மொறுமொறுப்பாக இருந்தால் எனக்கும் ஒரு துண்டு எடுத்து வையுங்கள், அப்புறம் புகார் கொடுங்கள் என்றேன்.

மறுநாள் காலை, பின்னால் டோடோங் உட்கார்ந்திருக்க, தளபதியோடு அவள் கிளம்புவதை வாசலில் நின்று பார்த்தேன். அவர்கள் மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே வானிலை மாறியது. அதோடு ஒரு அவசரச் செய்தி. எதிர்த் தீவில் பிரசவ வலி கண்ட ஒருத்தியைப் படகில் ஏற்ற முடியாத அலை, பக்கத்தில் இருப்பது இந்த ஹெலிகாப்டர்தான். தளபதி ஹெலிகாப்டரைத் தன் கைக்கு வாங்கிக்கொள்வார் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவர் வாங்கிக்கொள்ளவில்லை என்று வானொலியில் ரொவேனாவின் குரலைக் கேட்டபோதுதான் தெரிந்தது. நான் பட்டறைக்குள் போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த வைசர்களையெல்லாம் மறுபடி சுத்தம் செய்தேன். உட்கார முடியவில்லை.

மதியத்துக்கு முன்னால் வந்து சேர்ந்தார்கள். அந்தப் பெண்ணை ஆம்புலன்ஸில் ஏற்றி அனுப்பிவிட்டு, டோடோங் வழியெங்கும் எல்லோரையும் கட்டிப்பிடித்துக்கொண்டு போனான். தளபதி ஒன்றும் பேசாமல் ரொவேனாவின் தோளைத் தட்டிவிட்டு அறைக்குப் போனார். அந்த மனுஷரிடம் அதுவே பெரிய பேச்சு.

ரொவேனா நேராகப் பட்டறைக்கு வந்தாள். ஹெல்மெட்டை மேஜைமேல் வைத்தாள். வைசர் முழுக்கக் கடல் தண்ணீர் காய்ந்த உப்பு. இது நானே கழுவுகிறேன் என்று சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டாள். வாளியை அவள் பக்கம் தள்ளினேன். கேட்கக் கூடாது என்று இருந்தேன், ஆனாலும் வாய் கேட்டுவிட்டது.

"கை எப்படி இருந்துச்சு, மேடம்?"

அவள் வைசரைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நடுங்குச்சு, ஆத்தே. போயிட்டு வர்ற வரைக்கும் நடுங்கிட்டேதான் இருந்துச்சு. நடுங்கிக்கிட்டே எல்லா வேலையும் செஞ்சுச்சு."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவளுக்குத் தெரியக்கூடாது என்று குழாய்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டு, தேய்க்காதே, மிதக்கவிடு என்று கத்தினேன்.